செயலிக்கும் எஃப்.சி. வேண்டும்

சேந்தமங்கலத்திலிருந்து காளப்பநாயக்கன்பட்டியைக் கடந்து காரவள்ளி அடிவாரம் போய், அங்கிருந்து 70 கொண்டை ஊசி வளைவுகள் ஏறினால் கொல்லிமலை. மலையும் அடிவாரமும் ஒரே சட்டமன்றத் தொகுதிக்குள் அடங்குகின்றன; அது பழங்குடியினருக்கு ஒதுக்கப்பட்டது. கீழே கோழிப்பண்ணைக் கணக்கிலும் லாரி ஆபீஸ் கணக்கிலும் பள்ளிக்கூடக் கட்டணத்திலும் கைபேசிச் செயலி புகுந்து வெகுகாலமாகிவிட்டது. மேலே வாழவந்தி நாடு, அரியூர் நாடு, வளப்பூர் நாடு, குண்டூர் நாடு என்று பெயரிலேயே நாட்டைச் சுமக்கும் 14 ஊராட்சிகள். அங்கே சிக்னல் ஒரு மேட்டில் கிடைக்கும், அடுத்த பள்ளத்தில் கிடைக்காது. ஆனால் உத்தரவு இரண்டு இடத்துக்கும் ஒன்றுதான். அங்கன்வாடிக்கு ஒரு செயலி, பள்ளிக்கு ஒரு செயலி, நூறு நாள் வேலைக்கு ஒரு செயலி என்று ஒரே தேதியில் கட்டாயமாகிவிடுகிறது. கட்டாயமாக்கும் முன் அந்தச் செயலியை நம்பலாமா என்று யார் பார்த்தார்கள், எங்கே வைத்துப் பார்த்தார்கள் என்பதே இங்கே கேள்வி. செயலியின் நம்பகத்தன்மை அதன் நிரலுக்குள் மட்டும் இருப்பதல்ல. எந்த ஊரில், எந்தப் போனில், யார் கையில், எந்த வேலைக்கு என்ற நான்கும் சேர்ந்துதான் அதைத் தீர்மானிக்கின்றன. ஆகவே சோதனை அந்த நான்கிலும் மிகக் கடினமான இடத்தில் நடக்க வேண்டும். கட்டாயத்துக்கு முன்பே நடக்க வேண்டும். செயலி தோற்கும் நாளின் நட்டம் அதைப் பயன்படுத்துகிறவர் தலையில் விழக்கூடாது என்பது முன்கூட்டியே எழுத்தில் இருக்க வேண்டும். இந்த மூன்றும் இல்லாமல் வாங்கிய செயலி, எவ்வளவு நல்ல நிறுவனம் செய்ததானாலும், சோதிக்கப்படாத செயலிதான்.

இன்று நிறுவனங்கள் எதை நம்பிக்கைக்குச் சான்றாக எடுத்துக்கொள்கின்றன என்று முதலில் பார்க்கலாம். பிளே ஸ்டோரில் இருக்கிறது, லட்சக்கணக்கானோர் இறக்கியிருக்கிறார்கள், நான்கு நட்சத்திரத்துக்கு மேல் வாங்கியிருக்கிறது, பக்கத்து மாவட்டத்தில் பயன்படுத்துகிறார்கள், அரசு முத்திரை இருக்கிறது. இவற்றில் எதுவும் சான்றாகாது. டிஜிட்டல் கடன் பற்றி ஆராய ரிசர்வ் வங்கி அமைத்த பணிக்குழு, 2021-இன் முதல் இரண்டு மாதங்களில் செயலிக் கடைகளைத் துழாவியபோது இந்தியர்களுக்குக் கடன் தருவதாகச் சொன்ன ஏறத்தாழ 1,100 செயலிகள் கிடைத்தன. அவற்றில் 600 சட்டத்துக்குப் புறம்பானவை. கடை அலமாரியில் இருப்பதாலேயே சரக்கு நல்லதென்று ஆகாது என்பதற்கு இதைவிடத் தெளிவான கணக்கு தேவையில்லை. அரசுச் செயலிகளுக்கு இதைவிடக் கறாரான ஒரு சடங்கு உண்டு. ஒன்றிய அரசின் கணினிப் பாதுகாப்பு அமைப்பான சர்ட்-இன் வைத்திருக்கும் பட்டியலில் உள்ள தணிக்கையாளர் ஒருவர் பாதுகாப்புச் சோதனை செய்து சான்று தருவார். அது தேவையான சோதனை, ஐயமில்லை. ஆனால் அது பதில் சொல்லும் கேள்வி வேறு. வெளியாள் உள்ளே நுழைய முடியுமா, தகவலைத் திருட முடியுமா என்று அது பார்க்கிறது. காலை ஏழு மணிக்குத் தோட்டத்து ஓடையில் மண் அள்ள வந்த பெண்ணின் வருகை மாலையில் கணக்கில் இருக்குமா என்று அது பார்ப்பதில்லை. பூட்டைச் சோதித்த சான்றை வீட்டையே சோதித்த சான்றாக நாம் வாசித்துவிடுகிறோம்.

இந்தக் குழப்பம் எங்கே கொண்டுபோய் விடும் என்பதற்கு மிக விரிவான சான்று நூறு நாள் வேலையின் வருகைப் பதிவுச் செயலி. என்.எம்.எம்.எஸ். என்று சுருக்கமாக அழைக்கப்பட்ட அதை ஒன்றிய ஊரக வளர்ச்சி அமைச்சகம் 2021 மே மாதம் வெளியிட்டது. நோக்கம் நியாயமானது. தாளில் எழுதும் என்.எம்.ஆர். பதிவேட்டில் வராதவர் பெயர் ஏறுவது நாடறிந்த ஊழல். பணியிடத்திலேயே, இடக்குறிப்புடன், நாளுக்கு இருமுறை தொழிலாளர்களைப் படமெடுத்து ஏற்றிவிட்டால் போலிப் பெயருக்கு இடமிருக்காது என்பது கணக்கு. 2022 மே 16 முதல் 20 பேரோ அதற்கு மேற்பட்டவர்களோ வேலை செய்யும் இடங்களில் கட்டாயமானது. 2023 ஜனவரி 1 முதல், தனிநபர் பயனுக்கான சில பணிகள் தவிர, எல்லா இடங்களிலும் கட்டாயமானது. வெளியான நாளுக்கும் முழுக் கட்டாயத்துக்கும் இடையே ஒன்றரை ஆண்டுக்கு மேல் இருந்தது. அந்த அவகாசத்தில் செய்திருக்கக்கூடிய சோதனைகளை நினைத்தால் வருத்தமாகவே இருக்கிறது. தொடக்கத்தில் செயலி ஆங்கிலத்தில் இருந்தது. அதை இயக்க வேண்டியவர் பணித்தளப் பொறுப்பாளர். பெரும்பாலும் அதே ஊரைச் சேர்ந்த, அதே வேலைக்கு வருகிற பெண். போன் அவருடையது, டேட்டாவும் அவர் காசு. சர்வர் திணறினாலும் சிக்னல் விழாவிட்டாலும் எதிரே நிற்கும் ஐம்பது பேருக்குப் பதில் சொல்ல வேண்டியவரும் அவர்தான். தமிழ்நாட்டில் 2025–26-க்கு அறிவித்த கூலி நாளுக்கு 336 ரூபாய். படம் ஏறாத நாள் என்றால் அந்த 336 ரூபாய் கேள்விக்குறியாகிறது. 2023 பிப்ரவரியில் பல மாநிலத் தொழிலாளர்கள் டெல்லி ஜந்தர் மந்தரில் நூறு நாள் தர்ணாவைத் தொடங்கியபோது, அவர்களுடைய முதன்மையான குறைகளில் ஒன்று இந்தச் செயலி.

இதைவிடச் சிந்திக்கத் தக்கது இரண்டாவது பக்கம். நேர்மையானவரைத் தவிக்கவிட்ட செயலி நேர்மையற்றவரையாவது பிடித்ததா? 2025 ஜூலை 8 அன்று அமைச்சகமே மாநிலங்களுக்கு அனுப்பிய சுற்றறிக்கை அதற்குப் பதில் சொல்லிவிட்டது. பணியிடத்துக்குச் சம்பந்தமில்லாத படங்கள் ஏற்றப்படுகின்றன. நேரில் எடுக்காமல், ஏற்கெனவே எடுத்த படத்தையே மறுபடி படமெடுத்து ஏற்றுகிறார்கள். படத்தில் இருப்பவர் எண்ணிக்கையும் பதிவான எண்ணிக்கையும் பொருந்தவில்லை. ஒரே ஆட்கள் பல பதிவேடுகளில் தோன்றுகிறார்கள். மதியப் படம் ஏறுவதே இல்லை. இதற்குத் தீர்வாகச் சொன்னது என்ன என்பதுதான் முக்கியம்: ஊராட்சி அளவில் எல்லாப் படங்களையும் மனிதர்கள் உட்கார்ந்து சரிபார்க்க வேண்டும், அதன் மேல் வட்டாரம், மாவட்டம், மாநிலம் என்று மாதிரிச் சோதனை நடக்க வேண்டும் என்றது. ஆளை நம்ப முடியாது என்று செயலி வந்தது. செயலியை நம்ப முடியாது என்று மறுபடி ஆள் வந்தார். நடுவில் நான்கு ஆண்டுகள் போயின. படத்தைப் படமெடுக்கும் தந்திரம் ஒன்றும் ஆழ்ந்த தொழில்நுட்பம் இல்லை. ஏதாவது ஒரு வட்டாரத்தில் இரண்டு மாதம் செயலியையும் பதிவேட்டையும் சேர்த்து ஓட்டி, ஏமாற்ற நினைப்பவர் எப்படி ஏமாற்றுவார் என்று ஊர்க்காரர்களிடமே கேட்டிருந்தால் முதல் வாரத்திலேயே வெளிவந்திருக்கும். மென்பொருள் எழுதுகிறவர் நல்ல பயனாளரை மனத்தில் வைத்து எழுதுகிறார். சோதிக்கிறவர் சிரமப்படுகிறவரையும் ஏமாற்றுகிறவரையும் மனத்தில் வைத்துப் பார்க்க வேண்டும்.

இதற்கு அரசுத் தரப்பில் ஒரு மறுமொழி உண்டு, அதைக் குறைத்து மதிப்பிடக்கூடாது. செயலியில் சிக்னல் இல்லாமலே படம் எடுத்துக்கொள்ளலாம், பதிவேட்டை இறக்கவும் படத்தை ஏற்றவும் மட்டுமே இணைப்பு வேண்டும் என்கிறார்கள். அதையும் மீறிச் சிக்கல் வந்தால் மாவட்ட ஆட்சியர் கைப்பதிவை ஏற்கலாம் என்ற விலக்கும் இருந்தது. இரண்டும் உண்மை. ஆனால் அந்த விலக்கு இருந்த இடத்தைக் கவனிக்க வேண்டும். ஆட்சியர் நாமக்கல்லில் இருக்கிறார். ஒரு நாள் படம் ஏறவில்லை என்பதை மலைமேல் ஓர் ஊராட்சியிலிருந்து ஊராட்சி செயலருக்கும், அவரிடமிருந்து வட்டார வளர்ச்சி அலுவலருக்கும், அங்கிருந்து மாவட்டத்துக்கும் கொண்டுபோய், காரணம் காட்டி, ஆதாரம் கொடுத்து, அனுமதி வாங்கி வரவேண்டும். ஒரு நாள் கூலிக்காக யாரும் அவ்வளவு தூரம் போகமாட்டார்கள் என்பது தெரிந்தே வைத்த விலக்கு என்று சொல்லமாட்டேன். தெரியாமல் வைத்தது என்றே எடுத்துக்கொள்கிறேன். தெரிந்திருக்க வேண்டும் என்பதுதான் வாதம். மாற்றுவழி எவ்வளவு உயரத்தில் இருக்கிறதோ அவ்வளவு தூரம் அது இல்லாததற்குச் சமம். ஆகவே ஒரு செயலியைச் சோதிக்கிறவர் செயலியை மட்டும் ஓட்டிப் பார்த்தால் போதாது. அது நின்றுபோகும்போது என்ன நடக்கிறது, எத்தனை பேர் கையெழுத்து வேண்டும், எத்தனை நாளில் பணம் வருகிறது என்பதையும் சேர்த்து ஓட்டிப் பார்க்க வேண்டும்.

சோதனையும் மாற்றுவழியும் உண்மையிலேயே வேறுபாட்டைக் கொண்டுவருகின்றனவா, அல்லது இது நல்லெண்ணப் பேச்சா? இந்தியாவிலேயே அளந்து பார்த்த சான்று இருக்கிறது. கார்த்திக் முரளிதரன், பால் நீஹாஸ், சந்தீப் சுக்தன்கர் ஆகிய மூன்று பொருளியலாளர்கள் ஒன்றுபட்ட ஆந்திரத்தில் கைரேகை ஸ்மார்ட் கார்டு மூலம் வேலைத் திட்டக் கூலியும் முதியோர் உள்ளிட்டோருக்கான உதவித்தொகையும் கொடுத்த முறையை ஆராய்ந்தார்கள். 157 மண்டலங்களில், 1.9 கோடி மக்கள் வாழும் பரப்பில், எந்த மண்டலத்தில் முதலில் அறிமுகமாக வேண்டும் என்பதைக் குலுக்கல் முறையில் தீர்மானித்த பெரும் ஆய்வு அது. கூலி விரைவாக வந்தது, நாள் தவறாமல் வந்தது, இடையில் கசிவது குறைந்தது, திட்டத்தின் பயன் மக்களுக்கு எட்டுவதும் குறையவில்லை. மக்கள் புதிய முறையையே விரும்பினார்கள். அதே மூவர் பின்னர் ஜார்க்கண்டில் ரேஷன் கடையில் ஆதார் கைரேகையைக் கட்டாயமாக்கியதை ஆராய்ந்தபோது கதை தலைகீழாயிற்று. ரேகைச் சரிபார்ப்பு மட்டும் கசிவைக் குறைக்கவில்லை. ஏற்கெனவே ஆதாரை இணைக்காத 23 சதவீதக் குடும்பங்களுக்குக் கிடைத்துவந்த பொருளின் மதிப்பு 10 சதவீதம் குறைந்தது. இரண்டு இடத்திலும் விரல் ரேகைதான். ஆந்திரத்தில் கார்டு இல்லாதவருக்கும் பணம் நிற்கவில்லை. அனுபவத்தைப் பார்த்துப் பார்த்துத் திட்டம் விரிந்தது. ஜார்க்கண்டில் ரேகை விழாவிட்டால் அரிசிக்கு உறுதி இல்லை. தொழில்நுட்பத்தை எதிர்ப்பவர்கள் ஆந்திரத்தை மறந்துவிடுகிறார்கள், ஆதரிப்பவர்கள் ஜார்க்கண்டை மறந்துவிடுகிறார்கள். இரண்டையும் பக்கத்தில் வைத்துப் பார்த்தால் கேள்வி தொழில்நுட்பம் வேண்டுமா வேண்டாமா என்பதல்ல, அதை எப்படி உள்ளே கொண்டுவந்தோம் என்பதுதான் என்று விளங்கும்.

மொழியும் போனும் இதில் அடங்கும். அங்கன்வாடிக்கான போஷன் டிராக்கர் 2021 மார்ச்சில் வந்தது. அதே ஆண்டு ஆகஸ்டில் மகாராஷ்டிரத்தில் அங்கன்வாடி ஊழியர்கள் தங்களுக்குக் கொடுத்த போன்களை அரசு அலுவலகங்களில் திருப்பி ஒப்படைத்தார்கள். போனின் நினைவகம் செயலியைத் தாங்கவில்லை, செயலி மராத்தியில் இல்லை என்பவை அவர்கள் சொன்ன காரணங்கள். செயலி ஓடும் போனிலேயே செயலியைச் சோதிப்பது என்ற எளிய காரியம்கூட நடக்கவில்லை. 2025 ஜூலையிலிருந்து அதே செயலியில் வீட்டுக்குக் கொடுக்கும் சத்துமாவுக்கு முகம் அடையாளம் காண்பதும் கட்டாயமானது. முகத்தைப் பொருத்திப் பார்க்க வெளிச்சம் வேண்டும், நல்ல கேமரா வேண்டும், இணைப்பு வேண்டும். இந்த மூன்றும் மார்கழி மாதத்துக் காலையில் கொல்லிமலையின் ஓர் அங்கன்வாடியில் எப்படி இருக்கும் என்பதை அங்கே போய்ப் பார்த்த பிறகு தேதி குறிப்பதுதான் முறை.

செயலி பொய் சொல்லாது என்ற நம்பிக்கை எவ்வளவு தூரம் போகும் என்பதற்கு உலகம் அறிந்த எடுத்துக்காட்டு பிரிட்டன் தபால் துறையின் ஹொரைசன் கணக்கு மென்பொருள். 1999 முதல் கிளை அஞ்சலகங்களில் அது புகுத்தப்பட்டது. கல்லாவில் பணம் குறைகிறது என்று மென்பொருள் காட்டியது. துறை அதை நம்பியது, நீதிமன்றங்களும் நம்பின. கிளை அஞ்சலகம் நடத்தியவர்கள் 900-க்கும் மேற்பட்டோர் திருட்டு, மோசடி, பொய்க்கணக்கு என்று தண்டிக்கப்பட்டார்கள். சிலர் சிறை சென்றார்கள், சொத்தை விற்றார்கள், சிலர் உயிரை மாய்த்துக்கொண்டார்கள். ஆலன் பேட்ஸ் தலைமையில் 555 பேர் தொடுத்த வழக்கில், 2019 டிசம்பரில் உயர் நீதிமன்றம் மென்பொருளில்தான் பிழைகள் இருந்தன என்று தீர்ப்பளித்தது. தண்டனைகளை மொத்தமாக நீக்க 2024-இல் நாடாளுமன்றமே தனிச் சட்டம் போட வேண்டியிருந்தது. இதற்குள் ஒரு சட்டநுணுக்கம் இருக்கிறது. கணினி சரியாக இயங்கியது என்று வழக்குத் தொடுப்பவர் நிரூபிக்க வேண்டும் என்ற விதியை இங்கிலாந்து 1999-ஆம் ஆண்டுச் சட்டத்தால் எடுத்துவிட்டது. அதன்பின் கணினி சரி என்றே எடுத்துக்கொள்ளப்படும். தவறு என்பதை எதிராளிதான் காட்ட வேண்டும். கிராமத்து அஞ்சலகம் நடத்துபவர் எப்படிக் காட்டுவார்?

நம் நாட்டுச் சட்டம் இந்த இடத்தில் நல்ல விவேகத்தோடு இருக்கிறது. பழைய சாட்சியச் சட்டத்தின் 65பி பிரிவும், 2024 ஜூலை 1 முதல் நடைமுறையில் உள்ள பாரதிய சாட்சிய அதினியத்தின் 63-ஆம் பிரிவும், மின்னணுப் பதிவை நீதிமன்றத்தில் வைக்க வேண்டுமானால் அந்தக் காலத்தில் கருவி முறையாக இயங்கியது என்று சான்று தரவேண்டும் என்கின்றன. புதிய சட்டத்தில் கருவிக்குப் பொறுப்பானவரோடு ஒரு நிபுணரும் கையெழுத்திட வேண்டும். ஒரு வழக்கில் வாட்ஸ்அப் செய்தியை வைக்கவே இவ்வளவு கேட்கிற நாட்டில், ஒரு தொழிலாளியின் கூலியை மறுக்கவோ ஆசிரியருக்கு விளக்கம் கேட்டு நோட்டீஸ் அனுப்பவோ செயலியின் பதிவு மட்டும் போதும் என்று எப்படி ஆனது? நீதிமன்ற வாசலில் கேட்கும் சான்றை நிர்வாகத்தின் வாசலிலும் கேட்க வேண்டும். அன்றைக்குச் சர்வர் ஓடியதா, அந்த இடத்தில் இணைப்பு இருந்ததா, எத்தனை பதிவுகள் தோற்றன என்ற விவரத்தைச் செயலியே பதிந்துவைத்து வெளியிட்டால் பாதிச் சண்டை தீர்ந்துவிடும். தோல்விகளின் கணக்கை வைத்திருக்காத செயலியைச் சோதனையின் முதல் படியிலேயே நிராகரிக்கலாம்.

வலுவான எதிர்வாதம் ஒன்று இருக்கிறது. சோதித்துக்கொண்டே இருந்தால் அதுவரை ஊழல் நடந்துகொண்டிருக்கும். அவசர காலத்தில் காத்திருக்க முடியாது. குறையோடு தொடங்கிப் போகப் போகத் திருத்திக்கொள்வதுதான் நடைமுறை. இதில் அவசரம் என்ற பகுதியைக் கொரோனாக் காலத்து ஆரோக்கிய சேது செயலி நன்றாகவே சோதித்துக் காட்டியது. 2020 ஏப்ரல் 2-இல் செயலி வந்தது. மே 1-இல் உள்துறை அமைச்சகம் எல்லா அலுவலக ஊழியர்களிடமும் அது இருக்க வேண்டும் என்று உத்தரவிட்டது. தனியுரிமை பற்றிய கேள்விகள் எழுந்தன. மே 17-இல் கட்டாயம் இயன்றவரை என்று தளர்ந்தது. மே 26-இல் ஆண்ட்ராய்டு பதிப்பின் நிரல் பொதுவில் திறந்துவைக்கப்பட்டது. திறந்தது பாராட்டத்தக்கது. ஆனால் வரிசையைப் பாருங்கள்: முதலில் கட்டாயம், பிறகு தளர்வு, பிறகு திறப்பு. இதைத் தலைகீழாகச் செய்ய ஒரு மாதம்கூட அதிகம் ஆகியிருக்காது, நம்பிக்கையும் சிதைந்திருக்காது. அவசரத்துக்குச் சோதனையைக் கைவிட்டால் என்ன ஆகும் என்பதற்கு அதே ஆண்டு பிப்ரவரி 3-இல் அமெரிக்காவின் அயோவா மாநிலத்தில் ஜனநாயகக் கட்சி நடத்திய வேட்பாளர் தேர்வும் சான்று. முடிவுகளை அனுப்ப இரண்டே மாதத்தில் எழுதிய செயலியை மாநிலம் முழுவதற்கும் ஓட்டிப் பார்க்காமல் இறக்கினார்கள். அது தடுமாறியது, மாற்றாக வைத்த தொலைபேசி இணைப்பும் அடைத்துக்கொண்டது, முடிவு வர நாட்கணக்கானது. கடைசியில் காப்பாற்றியது ஒவ்வொரு கூட்டத்திலும் எழுதிவைத்த தாள். ஊழல் பற்றிய பகுதிக்கு வந்தால், சோதனைக் காலத்தில் பழைய முறை தொடர்வதால் வரும் இழப்பு உண்மைதான். அது இரண்டு மூன்று மாத இழப்பு. சோதிக்காமல் போனதற்கு 2025-ஆம் ஆண்டுச் சுற்றறிக்கை கணக்குச் சொன்னது நான்காண்டு இழப்பு.

எப்படிச் சோதிப்பது என்பதில் மர்மம் எதுவும் இல்லை. அமெரிக்கத் தர நிறுவனமான நிஸ்ட் 2015-இல் வெளியிட்டு 2019-இல் திருத்திய 800-163 என்ற வழிகாட்டி நிறுவனங்களுக்கென்றே எழுதப்பட்டது. அதன் சாரம் எளிது: செயலியைத் திறப்பதற்கு முன் உங்கள் நிறுவனத்துக்கு எது தேவை, எது நடந்தால் பொறுக்கமாட்டீர்கள் என்பதை எழுதிக்கொள்ளுங்கள், பிறகு சோதியுங்கள், பிறகு ஏற்பதோ மறுப்பதோ பெயர் சொல்லி ஒருவர் பொறுப்பேற்கட்டும். நம் அரசு இணையதளங்களுக்கான வழிகாட்டி நெறிகள் மூன்றாம் பதிப்பில் கைபேசிச் செயலிகளையும் உள்ளே சேர்த்துக்கொண்டன. தமிழ்நாட்டுக்கு இதில் பெருமைப்படத்தக்க முன்னோடி ஒன்று உண்டு. 2020-இல் வெளிவந்த பாதுகாப்பான, அறம்சார்ந்த செயற்கை நுண்ணறிவுக் கொள்கை ‘டீப்-மேக்ஸ்’ என்ற மதிப்பெண் அட்டையை முன்வைத்தது. பன்மை, சமத்துவம், தனியுரிமை, தவறான பயன்பாட்டுக்குத் தடுப்பு, தணிக்கை முதலியவற்றில் ஒரு கருவி எவ்வளவு வாங்குகிறது என்று மக்களிடம் கொண்டுபோகும் முன்பே மதிப்பிட வேண்டும் என்பது அதன் எண்ணம். அந்த எண்ணத்தைச் செயற்கை நுண்ணறிவோடு நிறுத்தாமல் மக்களின் கூலியையும் அரிசியையும் தொடும் ஒவ்வொரு செயலிக்கும் நீட்டினால் போதும், புதிதாக எதையும் கண்டுபிடிக்க வேண்டாம். நடைமுறையில் அதன் உயிர்நாடி இணை ஓட்டம்: குறைந்தது ஒரு முழுக் கூலிச் சுற்று முழுவதும் தாளும் செயலியும் பக்கத்தில் ஓட வேண்டும், ஒவ்வொரு முரண்பாட்டிலும் எது சரி என்று ஊரில் கேட்டுப் பார்க்க வேண்டும், அந்த எண்ணிக்கையைக் கிராம சபையில் படிக்க வேண்டும். கையில் இருப்பதிலேயே மலிவான போன், பழைய ஆண்ட்ராய்டு, சிக்னல் விழாத பள்ளம், எழுத்துக்கூட்டிப் படிக்கிற கண், மழைநாள் ஆகியவற்றை வேண்டுமென்றே தேர்ந்தெடுக்க வேண்டும். சேந்தமங்கலம் கடைவீதியில் வெற்றிபெற்ற சோதனை அடிவாரத்துக்கு மட்டுமே செல்லும்.

நாமக்கல் வட்டாரத்துக்கு இதை நீட்டி விளக்கத் தேவையில்லை. சேஸிஸ் வாங்கிப் பட்டறையில் பாடி கட்டிய லாரி எவ்வளவு அழகாக இருந்தாலும், ஆர்.டி.ஓ. பார்த்து எஃப்.சி. என்னும் தகுதிச் சான்று தராமல் பாரம் ஏற்றாது. அதுவும் ஒருமுறை வாங்கினால் ஆயுளுக்கும் போதாது. முதல் எட்டு ஆண்டுக்கு இரண்டாண்டுக்கு ஒருமுறை, பிறகு ஆண்டுதோறும் காட்ட வேண்டும். பிரேக் பிடிக்காத லாரியால் ஓட்டுநருக்கு மட்டுமல்ல, எதிரே வருபவருக்கும் ஆபத்து என்பதால்தான் அந்த விதி. செயலி மாதம் ஒருமுறை அப்டேட் ஆகிறது, ஆகவே ஒருமுறை சோதித்து என்ன பயன் என்று கேட்பவர்களுக்கும் பதில் இதிலேயே இருக்கிறது. மாறிக்கொண்டிருக்கிற பொருள் என்பதால்தான் திரும்பத் திரும்பச் சோதனை வேண்டும். ஒவ்வொரு பெரிய அப்டேட்டும் முதலில் சில ஊர்களில் மட்டும் போய், சில நாள் தோல்விக் கணக்கு பார்த்த பிறகே மற்ற ஊர்களுக்குப் போகட்டும்.

சிறிய நிறுவனங்கள் இதையெல்லாம் தாங்குமா என்பது நியாயமான கவலை. ஒரு தொடக்க வேளாண்மைக் கூட்டுறவுக் கடன் சங்கமோ ஒரு சுயஉதவிக் குழுக் கூட்டமைப்போ ஒரு பள்ளியோ தணிக்கையாளருக்குச் சம்பளம் கொடுக்க முடியாது. ஆனால் சோதனையில் பெரும்பகுதிக்குப் பணம் வேண்டாம், பொறுமை வேண்டும். செயலி கேட்கும் அனுமதிகளை வாசித்து, வருகை எடுக்கும் செயலிக்குத் தொடர்புப் பட்டியல் எதற்கு என்று கேட்கலாம். ஒரு மாதம் பழைய நோட்டையும் சேர்த்து எழுதலாம். ஒப்பந்தத்தில் கையெழுத்திடும் முன், நாளைக்கு விலகினால் எங்கள் தகவல் முழுவதும் எந்த வடிவில், எத்தனை நாளில் கைக்கு வரும் என்று எழுதி வாங்கலாம். அதை ஒருமுறை வெளியே எடுத்துப் பார்க்கவும் செய்யலாம். இந்தக் கடைசிக் கேள்விக்கு மழுப்பும் விற்பனையாளரை அங்கேயே அனுப்பிவிடலாம். இது விருப்பத்துக்கு விட்ட விஷயமாக நீடிக்கப்போவதும் இல்லை. 2023-ஆம் ஆண்டு எண்மத் தனிநபர் தரவுப் பாதுகாப்புச் சட்டத்தின்படி, தகவலைத் திரட்டும் நிறுவனமே பொறுப்பாளி. வேறொரு நிறுவனத்தின் செயலி வழியாகச் செய்தாலும், ஒப்பந்தத்தில் என்ன எழுதியிருந்தாலும் பொறுப்பு மாறாது. தக்க பாதுகாப்பு எடுக்காததற்கு அபராதம் 250 கோடி ரூபாய் வரை போகலாம். இலவசமாகக் கிடைத்தது என்று ஒரு கூட்டுறவுச் சங்கம் இறக்கிய செயலி உறுப்பினர்களின் ஆதார் எண்ணைக் கசியவிட்டால் கேள்வி சங்கத்தின் வாசலுக்குத்தான் வரும்.

இதை இப்போது எழுத வேண்டிய காரணம் ஒன்று இருக்கிறது. நூறு நாள் வேலைச் சட்டத்துக்கு மாற்றாக 2025 டிசம்பரில் நாடாளுமன்றம் புதிய சட்டம் ஒன்றை நிறைவேற்றியது. வேலை நாள் 125 என்கிறது அது. உடற்கூறு அடையாளச் சரிபார்ப்பையும் கைபேசி வழிக் கண்காணிப்பையும் சட்டத்துக்குள்ளேயே கொண்டுவருகிறது. நேற்றுவரை சுற்றறிக்கையால் வந்ததும் போனதுமாக இருந்த செயலி இனிச் சட்டத்தின் பலத்தோடு வரும். அதை நடைமுறைப்படுத்தும் திட்டத்தை வகுக்க வேண்டியவை மாநிலங்கள். தமிழ்நாடு வகுக்கும் திட்டத்தில் இரண்டு வரிகள் இடம்பெற வேண்டும். எந்த வருகைச் செயலியும் கொல்லிமலை, கல்வராயன், ஜவ்வாது போன்ற மலை வட்டாரங்களில் தாள் பதிவேட்டோடு இணையாக ஓடி, அதன் முரண்பாட்டுக் கணக்கு கிராம சபைகளில் வைக்கப்பட்ட பிறகே கட்டாயமாகும் என்பது ஒன்று. செயலியில் பதிவாகாத நாளில் பணித்தளப் பொறுப்பாளரும் இரண்டு தொழிலாளர்களும் கையெழுத்திட்ட தாளே செல்லும், அதை ஏற்க ஊராட்சி அளவிலேயே அதிகாரம் இருக்கும், தவறென்று நிரூபிக்கும் பொறுப்பு மறுக்கிறவருடையது என்பது மற்றொன்று.